இடமும் பெயரும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியில் வரையப்பெறும் நிலப்படங்கள் பழைய உலக ஆராய்ச்சிக்கு எவ்வாறு பயன்படுகின்றன என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். மொழி காக்கும் கூட்டத்தில் நிலப்படத்திற்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எனக்கும் முதலில் அவ்வெண்ணம் இருந்தது. ஆனால் நிலப்படத்தில் கோடுகளை நீக்கிவிட்டால் எஞ்சுவன யாவை? பெயர்களே அல்லவா? ஓர் ஊரை எந்தப் பெயரால், எவர் வாயிலிருந்து கேட்ட ஒலியால் எழுதுவது என்று முடிவு செய்யாமல் எவரும் ஒரு நிலப்படத்தை வரைந்து முடித்தல் இயலாது. அம்முடிவை எடுப்பவர் யார் என்பதே என் பேச்சின் பொருள்.

நான் வரலாற்று ஆசிரியனாக இருந்த காலத்தில், வகுப்பறைச் சுவரில் உரோமைப் பேரரசின் படம் ஒன்று தொங்கும். பேரரசு முழுதும் ஒரே செந்நிறம். அந்தச் செந்நிறத்திற்குள் வாழ்ந்தவர்கள் எல்லாரும் ஒரே மொழியா பேசினார்கள் ஐயா, என்று ஒரு நாள் ஒரு மாணவன் கேட்டான். என்னால் விடை சொல்ல இயலவில்லை. படமும் சொல்லவில்லை.

உரோமையர் காலத்து நிலப்படம் ஒன்றின் படி இன்றும் இருக்கின்றது. பியூட்டிங்கர் படம் என்பது அதன் பெயர். ஆக்சுபர்க்கு நகரின் எழுத்தராயிருந்த பியூட்டிங்கர் என்பாரின் கைக்கு 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தமையால் அப்பெயர் பெற்றது. மூலப்படம் உரோமைப் பேரரசின் பிற்காலத்தது. நமக்குக் கிடைத்திருப்பது 1200-ஆம் ஆண்டையொட்டித் தோலில் எழுதப்பெற்ற படி. நீளம் ஏறத்தாழ ஆறே முக்கால் மீட்டர். உயரமோ 34 செண்டிமீட்டரே. கடல்கள் கால்வாய்போல் ஒடுங்கிக் கிடக்கின்றன. வடக்கு, தெற்கு என்பனவற்றை அதில் தேடுதல் வீண். ஆனால் சாலைகள் உண்டு; சாலையில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையிலுள்ள தொலைவு எண்ணால் எழுதப்பெற்றுள்ளது. நடப்பவனுக்கு வேண்டியது அதுவே அன்றோ?

அந்தத் தோற்சுருளின் கீழ்க்கோடியில் முசிறி இருக்கின்றது. பக்கத்தில் ஓர் ஏரி. அகசுட்டசு பேரரசனின் கோயில் என்னும் குறிப்பு. நம் அகநானூறும் புறநானூறும் பாடிய அதே துறைமுகம். இப்படம் இன்று ஆசுதிரிய நாட்டு வியன்னா நூலகத்தில் இருக்கின்றது. முசிறியிலிருந்து வந்த சரக்கைப் பற்றிய கடன் உடன்படிக்கை எழுதப்பெற்ற கிரேக்கத் தாள் ஒன்று 1985-இல் அச்சில் வெளிவந்ததே, அதுவும் அதே நூலகத்தில்தான் இருக்கின்றது! முசிறியைப் பற்றிய அயலார் சான்றுகளுள் தலையாய இரண்டு, ஐரோப்பாவின் நடுவே ஒரே கூரையின்கீழ் உறங்குகின்றன. 2010-இல் இரிச்சர்டு தால்பெர்ட்டு என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இப்படத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதனோடு கணினிப் படத்தையும் வெளியிட்டார். ஆறுகளை மட்டும் காட்டு என்றால் ஆறுகளைக் காட்டும். சாலைகளை மட்டும் என்றால் அவற்றையே காட்டும். வியன்னாவுக்குச் செல்லாமலே ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக்கிப் படிக்கலாம்.

இதே தால்பெர்ட்டைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, கிரேக்க உரோமை உலகுக்கான பேரளவு நிலப்பட நூலொன்று 2000-இல் பிரின்சுட்டன் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. பேரிங்டன் நிலப்பட நூல் என்பர். 1988-இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு, 175 பக்கங்கள். எந்தப் பெயருக்கு எது சான்று என்று விளக்கும் துணைத்தொகுதிகள் மட்டும் ஏறத்தாழ 1,500 பக்கங்கள். அரும்பெரும் வேலை, ஐயமில்லை. ஆயினும் அச்சிட்ட நாளே அது பழையதாகத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு ஒரு மேட்டைத் தோண்டிக் கல்வெட்டு ஒன்று கிடைத்து, இந்த ஊர் அதுவன்று என்று தெரிந்தால், தாளில் அடித்த புள்ளியை எவ்வாறு நகர்த்துவது?

இங்கேதான் கணினி வருகின்றது. அந்நூலுக்காகத் திரட்டிய செய்திகளை அடிமனையாகக் கொண்டு, 2006-ஆம் ஆண்டு முதல் பிளெயாதீசு என்னும் இணைய இடப்பெயர்த் தொகுதி வளர்ந்து வருகின்றது. வடகரோலினா, நியூயார்க்குப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு நடுவங்கள் அதனைப் பேணுகின்றன. பிளெயாதீசு என்பது நம் முன்னோர் அறுமீன் என்றழைத்த விண்மீன் கூட்டத்தின் கிரேக்கப் பெயர். இன்று 40,000-க்கும் மேற்பட்ட இடங்கள் அதில் உள்ளன. எவரும் பொருள் கொடாமல் பார்க்கலாம், எடுத்தாளலாம்.

அத்தொகுதியின் அடிப்படையைச் சற்று நின்று கேளுங்கள். நாம் ஊர் என்று ஒரே சொல்லால் குறிப்பதை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, இடம், அதாவது மக்கள் நினைவில் தனியொன்றாக நின்ற ஊர், ஆறு, கோயில், கணவாய். இரண்டு, அமைவு, அஃது அகலாங்கு நெட்டாங்குகளில் எங்கே கிடக்கின்றது என்பது. மூன்று, பெயர், எந்த மொழியில், எந்தக் காலத்தில், எந்தச் சான்றின்படி அது வழங்கிற்று என்பது. இடத்திற்கு ஓர் எண் கொடுத்தார்கள். உரோமை நகரின் எண் 423025. அவ்வெண் மாறாது. பெயர் மாறலாம், கூடலாம். ஒரே இடத்தின்கீழ்ப் பத்துப் பெயர் நிற்கலாம். ஒரு பெயர் மற்றொரு பெயரை அழித்துவிட்டு உட்காரவேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. தாளில் அடித்த படத்திலோ ஒரு புள்ளியின் பக்கத்தில் இரண்டு பெயர் எழுதவும் இடம் போதாது. ஆகவே வென்றவன் பெயர் பெரிய எழுத்தில் நின்றது. தோற்றவன் பெயர் அடைப்புக்குறிக்குள் ஒடுங்கிற்று, அல்லது ஒழிந்தே போயிற்று.

இஃது ஏட்டளவான நுணுக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். சிரியா நாட்டைப் பாருங்கள். அலெக்சாந்தருக்குப் பின் அவன் படைத்தலைவர்கள் மேற்காசியாவைப் பங்கிட்டுக் கொண்டபோது, ஊர்தோறும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார்கள். அலபு என்னும் பழம்பெரு நகரைச் செலூக்கசு மன்னன் தன் நாட்டு ஊரொன்றின் பெயரால் பெரோயா ஆக்கினான். அம்மோனியரின் தலைநகரை எகிப்திலிருந்து ஆண்ட இரண்டாம் தாலமி பிலதெல்பியா ஆக்கினான். அக்கோ துறைமுகம் தாலமாயிசு ஆயிற்று. அமாத்து, எப்பிபானியா ஆயிற்று. நாணயத்தில் கிரேக்கப் பெயர். கல்வெட்டில் கிரேக்கப் பெயர். அலுவல் ஓலைகளில் எல்லாம் அதுவே. பின்னர் வந்த உரோமையரும் அப்பெயர்களையே ஆண்டனர். அலெக்சாந்தர் காலத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இந்நிலை நீடித்தது.

இன்று அந்நகர்களின் பெயர் என்ன? அலபு, அம்மான், அக்கோ, அமா! பல்மைரா என்று உரோமையர் எழுதிய பாலைநகரை அந்நாட்டு மக்கள் இன்றும் தத்மோர் என்றே சொல்கின்றனர். அப்பெயர் கிறித்துவுக்கு 1,800 ஆண்டுகள் முற்பட்ட களிமண் ஏடுகளிலேயே காணப்படுகின்றது. ஆயிரம் ஆண்டு ஆட்சி மொழியாயிருந்தும் கிரேக்கத்தால் அவ்வூர் மக்களின் வாயை மாற்ற முடியவில்லை. உழவனும் கழுதையோட்டியும் கிணற்றடியில் நீர் மொண்ட பெண்ணும் தம் தாய் சொன்ன பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதனை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அம்மியானசு என்னும் வரலாற்றாசிரியர், தாமே கிரேக்கக் குடியிற் பிறந்தவராயிருந்தும், இந்நகர்கள் கிரேக்கப் பெயர் பெற்ற பின்னும் தம் பழம்பெயரை இழக்கவில்லை என்று குறித்து வைத்திருக்கின்றார்.

கைதட்டுகின்றீர்கள். மறுபக்கத்தையும் கேட்டுவிட்டுத் தட்டுங்கள். நியாப்பொலிசு என்று உரோமையர் இட்ட பெயர் இன்றும் நாபுலுசு என்று வாழ்கின்றது. இலவோதிக்கேயா, இலத்தாக்கியாவாக நிற்கின்றது. அந்தியோக்கியா, அந்தாக்கியாவாக நிற்கின்றது. எனவே மக்கள் வழக்கு என்றுமே வெல்லும் என்று முழக்கமிட வரலாறு நமக்கு இடந்தரவில்லை. எங்கே வென்றது, எங்கே தோற்றது, ஏன் என்று ஊர் ஊராக எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். நாற்பதாயிரம் இடங்களை, ஒவ்வொன்றின் எல்லாப் பெயர்களோடும் காலத்தோடும் மொழியோடும் வரிசைப்படுத்தி நிறுத்த ஒரு மாந்தனின் நினைவாற்றல் போதுமா? கணினிக்கு அது நொடிப்பொழுது வேலை.

நம் நாட்டிலும் மறைக்காடு வேதாரணியமாகவும், முதுகுன்றம் விருத்தாசலமாகவும் ஆக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். மாயூரமாகி மாயவரமாகிக் கிடந்த மயிலாடுதுறை 1982-இல்தான் தன் பெயரை அரசு ஏட்டில் மீட்டது. எந்தப் பெயர் எந்த நூற்றாண்டுக் கல்வெட்டில் முதலில் மாறிற்று என்று ஊர்தோறும் கட்டம் போட்டு எழுதிய படம் ஒன்று நம்மிடம் இருந்தால், மேடையில் குரலை உயர்த்திப் பேசும் தேவை பாதியாகக் குறையும்.

பெயரே அறியப்படாத ஊர்களையும் கணினி நிலப்படம் கண்டெடுக்கின்றது. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா கொரோனா என்னும் வேவுச் செயற்கைக்கோள்களை ஏவி, பகைநாடுகளின் ஏவுகணைத் தளங்களைக் கமுக்கமாகப் படம் பிடித்தது. படச்சுருள் வானிலிருந்து குடைதாங்கி விழும். வானூர்தி ஒன்று அதனைப் பாதி வழியிலேயே கொக்கியிட்டுப் பிடிக்கும். எட்டு நூறாயிரத்து அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட அப்படங்களை 1995-இல் வெளிப்படுத்தினார்கள். ஏவுகணையைத் தேடிய கண்ணுக்குள் தற்செயலாக ஐயாயிரம் ஆண்டுப் பழைய ஊர்கள் அகப்பட்டிருந்தன!

வடகிழக்குச் சிரியாவில் பிராக்கு என்னும் மேடு உண்டு. மண்வீடு இடிந்து, அதன்மேல் மண்வீடு கட்டி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் 40 மீட்டர் உயர்ந்த ஊர்மேடு. கொரோனா படத்தில் அதனைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் கருங்கோடுகள் தெரிகின்றன. அவை என்ன? பயிர் நிலத்தை மிதியாமல் ஆடுமாடுகளை ஒரே தடத்தில் மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் குளம்பும் காலும் பட்டுத் தடம் இறுகித் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் மழைநீர் தங்கிற்று. ஈரம் தங்கியதால் இன்றும் அங்கே புல் செழிப்பாகின்றது. வானிலிருந்து கருங்கோடாகத் தெரிகின்றது. தரையில் அதன்மீதே நிற்பவனுக்கு ஒன்றும் புலப்படாது. அக்கோடுகள் ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் மறைந்துவிடும். ஏனெனில் விளைநிலம் அங்கே முடிந்தது. அதற்கப்பால் மாடுகள் பரந்து மேயும், தடம் தேவையில்லை. ஆக, எந்த அரசனும் எழுதி வைக்காத செய்தி, ஒரு பழைய ஊரின் விளைநிலம் எவ்வளவு என்னும் செய்தி, மாட்டுக் குளம்பால் எழுதப்பட்டிருக்கின்றது. அரண்மனையைத் தோண்டினால் அரசன் வரலாறு கிடைக்கும். இந்தக் கோடுகளில் கிடைப்பது உழுதவன் வரலாறு. இப்பேச்சுக்காக நான் படித்தவற்றுள் என் நெஞ்சை மிகவும் தொட்டது இதுவே.

இத்தகைய தடங்களை வடமெசபொத்தேமியா முழுதும் 6,000 கிலோமீட்டருக்கு மேல் கணினியில் வரைந்தவர் ஓர் அமெரிக்க ஆய்வாளர். அவர் பெயர் சேசன் ஊர். ஆம், ஊர்! சிரிக்கின்றீர்கள். நம் அன்பர் ஒருவர் இப்போதே, சுமேரியரின் ஊர் என்னும் நகரும் தமிழ் ஊரே என்று எழுந்து சொல்ல அணியமாகிவிட்டார். பொறுங்கள் ஐயா! ஒலி ஒத்த அளவிலே உறவு கொண்டாடினால், அந்த ஆய்வாளரையும் நாம் மருமகனாக்கிக் கொள்ள வேண்டி வரும். அவரும் மென்சு என்னும் செருமானிய அறிஞரும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மாந்தர் நெடுநாள் வாழ்ந்த மண்ணின் நிறவேறுபாட்டைக் கணினிக்குக் கற்பித்து, 23,000 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ 14,000 குடியிருப்பு இடங்களைக் குறித்தார்கள். கால்நடையாகத் தேடினால் எத்தனை தலைமுறை வேண்டும்! அதன்பின் இயந்திர உழவும் பாசனமும் வந்து தடங்களை அழித்துவிட்டன. பேரணைகள் ஊர்களையே விழுங்கின. யூப்பிரத்தீசு ஆற்றங்கரைச் சமோசாத்தா நகர் 1990-ஐ ஒட்டி அத்தாதுர்க்கு அணையின் நீருக்குள் போயிற்று. அந்த மேடு நீருக்குமேல் நின்ற காட்சி கொரோனா படத்தில் எஞ்சியிருக்கின்றது.

வணிகத்தைப் பற்றியும் ஒரு சொல். இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சைடல், மீக்சு என்னும் இருவர் 2012-இல் ஓர்பிசு என்னும் படத்தை ஆக்கினர். கி.பி. 200-ஐ ஒட்டிய உரோமைப் பேரரசில், இன்ன திங்களில், இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்குச் செல்ல எத்தனை நாள், ஒரு மூட்டைக் கோதுமைக்கு என்ன கூலி என்று கேட்டால் கணக்கிட்டுச் சொல்லும். காற்றின் திசை, ஆற்றின் ஓட்டம், மலையேற்றம் எல்லாம் கணக்கில் உண்டு. கூலிக்குச் சான்று, தயோக்கிளீசியன் மன்னன் 301-இல் இட்ட விலையாணை. அவ்வாணையைக் கொண்டு சோன்சு என்னும் ஆங்கில வரலாற்றறிஞர் முன்பே ஒரு கணக்குப் போட்டார். வண்டியில் ஏற்றிய கோதுமை 300 மைல் சென்றால் அதன் விலை இரட்டிக்கும். கடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கலத்தில் அனுப்புவது, வண்டியில் 75 மைல் அனுப்புவதைவிட மலிவு. என் வகுப்பறைப் படத்தில் எகிப்து எங்கோ கிடந்தது; உள்நாட்டு ஊர்கள் உரோமைக்குப் பக்கத்தில் இருந்தன. கூலியால் அளந்தால் எகிப்தே பக்கம்! உரோமை ஏன் எகிப்துக் கோதுமையை உண்டது என்பது அப்போதுதான் விளங்குகின்றது. ஆனால் ஓர்பிசு பேரரசின் எல்லையோடு நின்றுவிடுகின்றது. முசிறிக்கு வழி கேட்டால் அதற்குத் தெரியாது.

இப்போது நமக்குச் சற்றுக் கசப்பான செய்திக்கு வருகின்றேன். பிளெயாதீசில் ஓர் ஊரை ஓர் அமைவோடு பொருத்தும்போது, இஃது உறுதி, இஃது அவ்வளவு உறுதியன்று, இஃது ஐயம் என்று மூன்றில் ஒன்றைக் குறித்தாகவேண்டும். சேரர் தலைநகர் வஞ்சி எது? கரூர் என்று ஒரு சாரார். திருவஞ்சைக்களப் பக்கம் என்று மற்றொரு சாரார். நூறாண்டாக நம் புலவர்கள் போரிட்டார்கள். புகழூர்க் கல்வெட்டும் கரூர் நாணயங்களும் கரூருக்குத் துணையாகின்றன என்பது என் கருத்து. ஆயினும் மறுப்போர் வாயை நான் அடைத்துவிட்டதாக எண்ணவில்லை. முசிறி கொடுங்கோளூரா, 2007 முதல் அகழ்ந்த பட்டணமா? அங்கும் வழக்கு முடியவில்லை. தாளில் வரைந்தால் ஒரு புள்ளிதான் வைக்கமுடியும். வைத்தவுடன் மற்றவன் பகைவன் ஆகின்றான். கணினிப் படத்திலோ இரண்டையும் சான்றோடு வைக்கலாம்.

நம் இதழ்களிலேயே, கடல்கொண்ட நிலத்திற்கு மலையும் ஆறும் வரைந்து எல்லையும் இட்டு வெளியிட்ட படங்களை நான் கண்டிருக்கின்றேன். இளமையில் அதனை வெட்டிச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தேன். அந்தக் கோட்டை அங்கே வரைந்ததற்குச் சான்று யாது என்னும் கட்டத்தில் என்ன எழுதுவோம்? பஃறுளி என்னும் ஆற்றின் பெயர் புறநானூற்றில் இருக்கின்றது, சிலப்பதிகாரத்தில் இருக்கின்றது. அது சான்று. அவ்வாறு எங்கே ஓடிற்று என்பதற்குச் சான்று இல்லை. அயலான் நகைக்கின்றானே என்று பெயரையும் விட்டுவிட வேண்டுமா? வேண்டா! பெயர் உண்டு, அமைவு தெரியவில்லை என்று எழுதுவதற்கும் அத்தொகுதியில் முறை இருக்கின்றது. கிரேக்க நூல்களில் பெயர் மட்டும் எஞ்சி, இடம் தெரியாமற்போன ஊர்கள் நூற்றுக்கணக்கில் அவ்வாறே நிற்கின்றன. அவற்றின் வரிசையில் பஃறுளியும் நிற்கட்டும். அதில் அதற்கு இழுக்கில்லை.

அத்தொகுதி கிரேக்க, இலத்தீன் நூல்களிலிருந்து தொடங்கியது. ஆகவே நம் கரையின் ஊர்கள் அயலார் கேட்டெழுதிய ஒலியில் அதனுள் புகுந்தன. மதுரை, மொதூரா ஆயிற்று. கொற்கை, கொல்கோய் ஆயிற்று. இதற்காக அவர்களைப் பழிப்பதில் பயனில்லை. எவரும் தம் பெயரைப் பதிந்துகொண்டு, ஓர் இடத்தின் மற்றொரு பெயரை, எந்த மொழி, எந்த நூல், எந்தப் பாட்டு என்னும் சான்றோடு எழுதியனுப்பலாம். ஆய்ந்து பார்த்துச் சேர்ப்பார்கள். சங்கநூல் கற்ற நீங்கள் அனுப்பாமல் வேறு யார் அனுப்புவார்?

இளைஞர் மூவர் இதற்கென முன்வந்துள்ளனர். அரங்கின் வாயிலருகே மேசைமேல் கட்டமிட்ட தாள்கள் இருக்கின்றன: இடம், அமைவு, பெயர், சான்று. சங்கநூல் துறைமுகங்கள் ஒரு தாளில். உங்கள் ஊரின் குளம், மேடு, வயல் ஆகியவற்றின் பெயர்கள் மற்றொரு தாளில். பெயரைச் சொன்ன முதியவர் யார் என்பதையும் எழுதுங்கள், அதுவும் சான்றே. முதல் தாளில் என் ஊர்க் குளங்கள் மூன்றனை எழுதி வைத்திருக்கின்றேன். ஒன்றின் பெயரை என் பாட்டி சொல்லக் கேட்டதுண்டு. எங்கே இருந்தது என்று கேட்டுவைக்கவில்லை. அமைவுக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கின்றேன்.